அவள் மிஷினுக்கு வாங்கிய டிரைவ்

அந்த டக் டக் சத்தம் முதலில் என் காதில்தான் விழுந்தது. முன்ரூமில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யார் வீட்டுக் காதுகுத்துக்கோ பேனர் செய்துகொண்டிருந்தாள். பெட்டிக்குள் யாரோ விரல் நகத்தால் தட்டுகிற மாதிரி இருந்தது. பல்லி என்று நினைத்து டேபிளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஹார்ட் டிஸ்க் சாவப் போவுது, அதான் கத்துது," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று நான் மனத்துக்குள் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்த நேரம் அது. "வாயைக் கழுவுடி," என்று கத்தினேன். "மிஷினைச் சொன்னேங்க," என்றாள்.

அவளுக்கு வயிற்றில் கட்டி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, மறுபடி பூனைமுடியாக முளைத்து, எல்லாம் தேறிவிட்டது என்று நான் குலதெய்வத்துக்குக் கிடா வெட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த ஸ்கேனில், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தது. டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "அவங்க என்ன ஆசைப்படுறாங்களோ அதைச் செஞ்சு குடுங்க," என்றார். நம் ஊரில் இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் தெரியாதவன் மாதிரி வெளியே வந்து, "உனக்கு என்ன திங்கணும்னு ஆசையோ வாங்கிக் குடுக்கச் சொன்னார்டி," என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப அசோகா அல்வா வாங்குங்க," என்றாள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். அந்த நெய்ப் பொட்டலத்தை நான் நன்னிலம் வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, தின்னவும் இறங்கவில்லை.

நான் வயல்காரன். எனக்குத் தெரிந்த மிஷின் டிராக்டர் ஒன்றுதான். கம்ப்யூட்டர் அவளுடைய ராஜ்யம். ஊரில் அவளுக்குப் பேரே பேனர்க்காரம்மா. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவள்தான் டிசைன் பண்ணுவாள். திருவாரூர் பிரஸ்ஸில் அடித்து வரும். எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முதலில் பந்தல்காரரிடம் போவார்கள், அடுத்து எங்கள் வீட்டு முன்ரூமுக்கு வருவார்கள்.

கெட்டது நடந்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் கையில் உருப்படியாக ஒரு போட்டோ இருக்காது. வோட்டர் ஐடியை நீட்டுவார்கள். இல்லாவிட்டால் யார் கல்யாணத்திலோ பந்தியில் வாயில் அப்பளத்தோடு எடுத்த குரூப் போட்டோ. அதிலிருந்து அந்த மனிதரைத் தனியாகப் பிரித்து, அப்பளத்தை எடுத்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் வானத்தை வைத்து, பார்த்தால் கலெக்டர் மாதிரி ஆக்கிக் கொடுப்பாள். அந்தப் போட்டோவை ஒருவரும் கேட்டு வாங்கிப் போக மாட்டார்கள். "அம்மாகிட்டதான் இருக்கே," என்று விட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் திதி வந்தால், "அப்பா போட்டோ இருக்குல்லம்மா?" என்று வந்து நிற்பார்கள். செல்போன் தொலைந்துபோகும், மழை வெள்ளத்தில் ஆல்பம் ஊறிப்போகும், கடைசியில் அந்த ஆளுடைய முகம் இந்த ஊரிலேயே ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சம் இருக்கும். அந்த இடம்தான் இப்போது டக் டக் என்று கத்த ஆரம்பித்திருந்தது.

எங்கள் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். போனில் சொன்னேன். "அப்பா, அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்க. நான் புது லேப்டாப் அனுப்புறேன்," என்றாள். பக்கத்தில் இருந்த என் மனைவி போனைப் பிடுங்கினாள். "குப்பையா? அந்தக் குப்பைதான்டி உன்னைப் படிக்க வச்சுது!" என்று அந்த உடம்போடு ஒரு கத்தல். அவளுடைய பழைய தமிழ் எழுத்துகளும் அந்த டிசைன் சாஃப்ட்வேரும் புது மிஷினில் ஓடாதாம். மகள் அம்மாவைக் கத்தவைத்துவிட்ட பயத்தில் இறங்கி வந்தாள். "சரிம்மா, சரி. அப்ப அதே மிஷின்ல பழைய டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டின்னு ஒரு டிரைவ் போட்டுடலாம். உள்ள ஒண்ணும் சுத்தாது, தேயாது, சத்தம் வராது. ஆனா உங்க மிஷினுக்கு அதுலயே பழைய டைப்புதான் சேரும். சாட்டான்னு சொல்லுவாங்க. இப்ப யாரும் அதைப் பெருசா வாங்கறதில்ல. வாங்கலாமா வேணாமான்னு கடையில கேட்டுக்கிட்டு வாங்குங்கப்பா."

மருந்து வாங்கத் தஞ்சாவூர் போன நாளில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏறினேன். கடைக்காரர் நல்ல மனுஷர்தான், சும்மா சொல்லக் கூடாது. பழசு, புதுசு இரண்டு டைப்பையும் எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். ஒன்று சீட்டுக்கட்டு அளவுக்குத் தட்டையான டப்பா. இன்னொன்று சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியாக, பச்சையாக இருந்தது.

"இந்த டப்பாதான் சார் பழைய டைப்பு. கேபிள் போட்டு மாட்டணும். இந்தப் பட்டை புதுசு, நேரா போர்டுலயே சொருகிடலாம். வேகம் இதைவிடப் பல மடங்கு. விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா உங்க போர்டுல இதுக்கு இடமே கிடையாது."

"அப்ப பழசையே குடுங்க."

"குடுக்கறேன் சார். எனக்கு வியாபாரம்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. மிஷின் ரொம்பப் பழசுங்கறீங்க. அது இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்? தாங்காத மிஷினுக்கு இனிமே எதைச் செஞ்சாலும் வேஸ்ட்தான் சார். மனசைத் தேத்திக்கிட்டு விட்டுடறதுதான் புத்திசாலித்தனம்."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "தாங்கும் தாங்காதுன்னு சொல்ல நீ யாருய்யா? நீ என்ன டாக்டரா? பெரிய டாக்டரே வாயைத் திறந்து சொல்லல, நீ சொல்லிப்புடுவியா?" என்று கண்ணாடியில் ஓங்கி ஒரு தட்டு. கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் செத்துவிட்டது. "சார்… நான் மிஷினைத்தான் சொன்னேன்," என்றார். நான் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அந்தக் கேட்டில் நிற்காமல் போன பஸ் உண்டா? கூட்ஸ் வண்டி வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், பச்சைப் பசேலென்று. அதைப் பார்த்துக்கொண்டே துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னங்க, பல்வலியா?" என்று கேட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். நான் கத்தினதைச் சொல்லவில்லை. அவள் தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டாள்.

"அவர் சொல்றது சரிதானேங்க. பழைய டைப்பு எதுக்கு? என் காலம் வரைக்கும் இது எப்படியோ ஓடிடும். வாங்கித்தான் ஆவணும்னா புது மிஷினா, புது டைப்பா வாங்குங்க. நாளைக்கு உங்களுக்கோ பொண்ணுக்கோ ஆவும்."

இவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிலைக்காத சாமானை இவள் வாங்கி நான் பார்த்ததே இல்லை. பாத்திரக் கடையில் ஒரு சட்டி வாங்குவதற்குள் தட்டித் தட்டிப் பார்த்துக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவாள். புடவைக் கடையில் முந்தானையைத் தலைகீழாகத் திருப்பி நூலை எண்ணுவாள். கல்யாணம் ஆன புதிதில் வாங்கின கிரைண்டர் இன்னும் சுற்றுகிறது. ஒரு பொருள் நீடித்து உழைக்குமா, அதை வைத்து வேலை பார்க்கிற ஆள் அதுவரைக்கும் நீடிக்குமா, இரண்டையும் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள், தன் சொந்த மிஷினுக்கு, தான் உயிராக நினைக்கிற அந்த மிஷினுக்கு, வேண்டாம் என்கிறாள்.

டாக்டர் சொன்னதை நான் நம்பாமல் தள்ளிவிட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைக்கூட மிஷின் தப்பு பண்ணியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் இவள் கணக்கு தப்பாது. அதுதான் எனக்குப் பயம். இவள் வாயிலிருந்து 'வாங்குங்க' என்று ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வாள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டுமே. அந்தச் சமயத்தில் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு இல்லை.

அன்றிலிருந்து விடாமல் நச்சரித்தேன். சோறு ஊட்டும்போது, மாத்திரை கொடுக்கும்போது, கால் பிடித்துவிடும்போது, எப்போதும் இதே பேச்சு.

"நம்ம டிராக்டருக்குப் புது டயர் போடலையாடி? அதுவும் பழசுதானே?"

"டிராக்டர் அடுத்த வருஷமும் உழும்ங்க."

"நீ மட்டும் என்னவாம்?"

சிரிப்பாள். ஒருநாள் மூக்குக்கு மேல் கோபம் வந்து தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். அவள் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "கோவப்படாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க. எனக்குப் போஸ்டர் அடிக்கக் குடுக்கும்போது அந்த வோட்டர் ஐடி போட்டோவை மட்டும் குடுத்துத் தொலைச்சிடாதீங்க. அதுல நான் எலி மாதிரி இருக்கேன்," என்றாள். சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் கொல்லைப் பக்கம் போய் மாட்டுத் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்படி இருக்கும்போது குத்தாலத்திலிருந்து ஒரு பெண் இவளைப் பார்க்க வந்தாள். அவளும் இதே தொழில்தான். இருவரும் அந்தக் காலத்தில் ஒரே இன்ஸ்டிடியூட்டில் டைப்பிங் படித்தவர்கள். என் மனைவியைவிடக் கொஞ்சம் சின்னவள், இவளை 'அக்கா' என்பாள், என்னை 'அண்ணே' என்பாள். சாத்துக்குடிப் பையோடு வந்தவளை இவள் முன்ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் பேச்சு. வெளியே வந்த குத்தாலத்துக்காரியின் கண் சிவந்திருந்தது. பார்க்க வருகிற எல்லோர் கண்ணும் சிவக்கத்தானே செய்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கட்டிலில் படுத்திருந்தவள், "ஏங்க," என்றாள். "அந்தப் பழைய டைப்பு டிரைவையே வாங்கிட்டு வந்துடுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்னடி சொல்ற? நிஜமாவா?" என்று நான் கேட்க, "நிஜமாத்தான். புதுசு வேணாம். அந்த சாட்டாவே வாங்குங்க. சீக்கிரமா வாங்குங்க, இது எப்ப வேணா நின்னுடும்," என்றாள். அடடா, அந்தக் குத்தாலத்துக்காரி வாயில் சர்க்கரையைப் போட வேண்டும் என்று நினைத்தேன். என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, நான் தலைகீழாக நின்றும் முடியாததை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். இவளுக்குப் பிழைக்க ஆசை வந்துவிட்டது. ஆசை வந்துவிட்டால் பாதி வியாதி போன மாதிரிதானே? நான் அப்படித்தான் நினைத்தேன். வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் வலியப் போய், "வீட்டுல தேறிட்டு வர்றாங்க. மிஷினைப் புதுப்பிக்கச் சொல்லிட்டாங்க. வேலை இருந்தா கொண்டாங்க," என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் காலையில் முதல் பஸ். அதே கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "பயப்படாதீங்க. பழைய டைப்புலயே உங்ககிட்ட இருக்கறதுல நல்லதா, ரொம்ப நாள் வர்றதா குடுங்க," என்றேன். "இது அஞ்சு வருஷம் வாரன்ட்டி சார்," என்று ஒன்றை எடுத்து வைத்தார். "அதுக்கு மேல வர்றது இல்லையா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுதான் சார் அதிகம்," என்றார், ரொம்பத் தன்மையாக. அஞ்சு வருஷம். அது அவளுக்கே எழுதிக் கொடுத்த மாதிரி அந்த பில்லைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நீடாமங்கலம் கேட்டில் பஸ் நின்றபோது வேர்க்கடலை வாங்கித் தின்றேன்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதுசுக்கு மாற்ற ஒரு பகல் முழுக்க ஆனது. அவளேதான் செய்தாள். முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். திரையில் ஒரு கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. பழைய டிஸ்க் டக் என்று சத்தம் போடும்போதெல்லாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கோடு முழுசாகிய பிறகு மிஷினை அணைத்துப் போட்டாள். அம்மாடி! முன்பெல்லாம் மிஷினைப் போட்டுவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், டீ கலந்து குடித்த பிறகுதான் படம் வரும். இப்போது கண்ணைச் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். "பாருங்களேன், பாருங்களேன்! இவ்வளவு நாளா இதை வாங்காம என்ன மடத்தனம் பண்ணிட்டோம்!" அந்த முகத்தைப் பார்க்க இன்னும் பத்து டிரைவ் வாங்கியிருப்பேன்.

டிரைவ் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்து முடுக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் மேலேயிருந்து செல்போன் லைட்டை அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்க்ரூ முடுக்கி மூன்றாவதை எடுத்தேன்.

"ரெண்டு போதும்ங்க," என்றாள்.

"நாலு ஓட்டை இருக்கேடி."

"இருக்கட்டும். ரெண்டு போதும். திரும்பக் கழட்டணும்ல."

"எதுக்குக் கழட்டணும்?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டிரைவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"குத்தாலத்துக்காரி மிஷினும் நம்ம மிஷினும் ஒரே சமயத்துல ஒரே கடையில செஞ்சு வாங்கினோம்ல. ரெண்டும் ஒரே போர்டு. இதைக் கழட்டி அதுல மாட்டினா அப்படியே ஓடும்ங்க. எழுத்து, சாஃப்ட்வேர், ஊர்ச்சனங்க போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும். புது டைப்பு வாங்கியிருந்தா அவ மிஷின்ல சேராது. அதான் இதையே வாங்கச் சொன்னேன்."

மூன்றாவது ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் பேசினீங்களா?"

"இதைத்தான் பேசினோம். எனக்கப்புறம் திதிக்குப் போட்டோ கேட்டு வர்றவங்களுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க? யாராவது எடுத்துக் குடுக்கணும்ல. அவகிட்ட பொறுப்பை ஒப்படைச்சேன். அவ அழுதா. நான் அழல."

"அஞ்சு வருஷம் வாரன்ட்டி பாத்து வாங்கிட்டு வந்திருக்கேன்டி!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அஞ்சு வருஷம்டி, அஞ்சு வருஷம்டி.

"சரிங்க. அது அவளுக்கு ஆவட்டும்," என்றாள்.

மூன்றாவது ஸ்க்ரூவையும் முடுக்கினேன். நான்காவதையும் முடுக்கினேன். உள்ளங்கை சிவந்துபோகும் வரைக்கும், இனி எவனாலும் கழட்ட முடியாது என்கிற மாதிரி, எல்லாவற்றையும் மறுபடி மறுபடி முடுக்கினேன். அவள் தடுக்கவில்லை. முடியும் வரைக்கும் லைட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே வேலைதான். ஃபைல்களுக்கெல்லாம் பேர் மாற்ற வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் ஊரில் எவனுக்கும் சொந்தப் பேர் கிடையாது. 'பாலத்தடி மாமா', 'ரெட்டைக்கதவு வீட்டுக் கல்யாணம்', 'மூக்குப்பொடி தாத்தா', 'கடுகடு டீச்சர்' என்று தனக்குத் தெரிந்த விதத்தில் போட்டு வைத்திருந்தாள். குத்தாலத்துக்காரிக்குப் பாலத்தடி மாமா யாரென்று தெரியுமா? தெருவும் சரியான பேரும் போட வேண்டும். அதற்கு நான் தேவைப்பட்டேன். கட்டிலை முன்ரூமிலேயே போட்டுவிட்டோம். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, "இவர் பேர் என்னங்க?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அவள் அடிப்பாள்.

அப்போதுதான் அந்த டிரைவின் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. சனியன், என்ன வேகம்! திற என்றால் திறக்கிறது, மாற்று என்றால் மாற்றுகிறது. பழைய டிஸ்க்காக இருந்தால் ஒவ்வொரு போட்டோவும் ஆடி அசைந்து வரும். இந்த வேலை ஒரு வருஷத்துக்கு இழுக்கும். இது முடிந்துவிட்டால் இவளுக்கு வேறு வேலை இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் நன்றாகத் தெரிந்தவர்களைக்கூடத் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். "யாரு இது? பாத்த மாதிரி இருக்கு, ஞாபகம் வரலியே," என்று இழுப்பேன். பேர் தெரிந்தாலும் நேராகச் சொல்லாமல், அவர் பொண்ணு கட்டின இடம், அவர் வயல் எந்த வாய்க்கால் பாசனம், பங்காளிச் சண்டை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பேருக்கு வருவேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் சொந்தச் சித்தப்பா படத்தைப் பார்த்து நான் தெரியாது என்றபோது கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க வேணும்னே பண்றீங்க."

"ஆமாண்டி, வேணும்னேதான் பண்றேன். இப்ப என்னங்கற?"

அவள் என் பிடரியில் கையை வைத்து அங்கேயே வைத்திருந்தாள். அந்தக் கையில் கனமே இல்லை. "உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேனேங்கறதுதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு," என்றாள். நான் அவள் மடியில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள். குத்தாலத்துக்காரியிடம் அழாதவள் என்னிடம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சித்தப்பா பேரைச் சொல்லுங்க," என்றாள். சொன்னேன்.

விரல் வீங்கி அடிக்க முடியாமல் போனபோது நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கட்டிலில் படுத்தபடி எழுத்து எங்கே இருக்கிறது என்று சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். கடைசி ஃபைலும் முடிந்தது. இன்னொரு தரம் சரிபார்ப்போம் என்றேன். வேண்டாம் என்றாள். அறுவடை மிஷின்கள் ஊருக்குள் வந்திறங்கிய சமயத்தில் அவள் போய்விட்டாள். போஸ்டர் குத்தாலத்திலிருந்து வந்தது. அவள் எடுத்து வைத்திருந்த நல்ல போட்டோவைத்தான் கொடுத்திருந்தேன். பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டினார்கள். அது வெயிலில் வெளுத்துப் போகும் வரைக்கும் நான் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வயலுக்குப் போனேன்.

காரியமெல்லாம் முடிந்து மகளும் சொந்தக்காரர்களும் கிளம்பிய பிறகு, குத்தாலத்துக்காரி டிரைவை வாங்கிப்போக வந்தாள். நான் பெட்டியைத் திறந்து தரையில் உட்கார்ந்தேன். முடுக்கின ஸ்க்ரூ லேசில் வருமா? ஒன்று தலை மழுங்கிச் சுற்றியது. வியர்த்துக் கொட்டியது. அவள் அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குறட்டால் பிடித்துத் திருகி ஒருவழியாகக் கழட்டி எடுத்தேன். கையில் வைத்தால் வைத்த மாதிரியே இல்லை, அவ்வளவு லேசாக இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கர்ச்சீப்பில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

வாசல் வரைக்கும் போனவள் கொஞ்சம் தயங்கி நின்றாள். என்னை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை; ஏதாவது பேசவைக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"அண்ணே, எங்கிட்ட இன்னொரு பழைய மிஷினும் கெடக்கு. அதுக்கும் இந்தப் பழைய டைப்புலயே ஒண்ணு வாங்கிப் போடலாமான்னு ஒரு யோசனை. வாங்கினா பிரயோஜனமா இருக்குமாண்ணே?"

"இதை வாங்கிட்டா அவ பொழச்சுக்குவான்னு நெனச்சு வாங்கினேம்மா. அதுக்கு ஆவல. மத்தபடி நல்ல சாமான், வாங்கிப் போடு," என்றேன்.